சராசரி முகம்

1

1861இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஒருவர் மரத்தில் ஒரு சிறிய கருவி செய்தார். பெயர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ். ஹார்வர்டில் உடற்கூறியல் பேராசிரியர், கவிஞர், பத்திரிகைகளில் எழுதிக் குவித்தவர். அவர் செய்த கருவியில் புதிய விஞ்ஞானம் என்று எதுவும் கிடையாது. இரண்டு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைக் காட்டினால் மூளை அவற்றை ஆழமுள்ள ஒரே காட்சியாகச் சேர்த்துக்கொள்ளும் என்று சார்ல்ஸ் வீட்ஸ்டன் 1838இலேயே லண்டனில் விளக்கிவிட்டார். அவருடைய கருவி கண்ணாடிகளை வைத்து மேசைமேல் விரித்துவைக்க வேண்டியது. 1849இல் டேவிட் புரூஸ்டர் அதை லென்ஸ்கள் வைத்த ஒரு பெட்டிக்குள் அடக்கினார். 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் விக்டோரியா அரசி அதைப் பார்த்து மகிழ, ஐரோப்பா முழுக்க ஸ்டீரியோஸ்கோப் மோகம் பிடித்துக்கொண்டது.

அப்படியானால் ஹோம்ஸ் என்னதான் செய்தார்? பெட்டியைத் தூக்கிப் போட்டார். கண்களைச் சுற்றி முகத்தில் அணைந்து வெளிச்சத்தை மறைக்கும் ஒரு வளைந்த மறைப்பு. அடியில் ஒரு கைப்பிடி. முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ள ஒரு படத்தாங்கி. அவ்வளவுதான். காப்புரிமைகூட வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்து விற்கட்டும் என்று விட்டுவிட்டார். அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளுக்கு அமெரிக்க வீட்டு வரவேற்பறைகளில் கிடந்தது இந்த வடிவம்தான். பிறகு வந்த உற்பத்தியாளர்கள் மறைப்பின் விளிம்பில் வெல்வெட் துணி ஒட்டினார்கள். எகிப்தையும் ரோமையும் இந்தியாவையும் அந்த வெல்வெட்டில் நெற்றியைப் பதித்துக்கொண்டுதான் ஒரு தலைமுறை சுற்றிப்பார்த்தது. ஜேம்ஸ் ரிகல்டன் இங்கே வந்து எடுத்த படங்கள் 1907இல் ‘ஸ்டீரியோஸ்கோப் வழியே இந்தியா’ என்ற பெயரில் ஒரு புத்தகத்தோடு விற்கப்பட்டன.

இன்று ஒரு விஆர் ஹெட்செட் வாங்கும் எவரும் முதல் மாதத்திலேயே இணையத்தில் தேடும் இரண்டு பொருட்கள் உண்டு. ஒன்று, முகத்தில் அணையும் ஃபேஸ் பேட். மற்றொன்று, கன்ட்ரோலரைப் பிடிக்கும் கிரிப். நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் ஹோம்ஸ் கைவைத்ததும் இந்த இரண்டிலும்தான். மெய்நிகர் உலகத்தின் வரலாற்றை நாம் வழக்கமாகத் திரை, சிப், சென்சார் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். கருவி உடம்பைத் தொடும் இடத்திலிருந்து அதே கதையைச் சொன்னால் வேறொன்று தெரிகிறது. இந்தக் கருவிகள் யாருடைய முகத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டன, யாருடைய முகம் கணக்கிலேயே வரவில்லை என்பது.

2

1968இல் ஹார்வர்டில் இவான் சதர்லேண்ட், தலையில் மாட்டிப் பார்க்கும் முப்பரிமாணக் கணினித் திரை ஒன்றை அறிமுகப்படுத்தினார். கணினி வரைந்த படத்தைத் தலை திரும்பும் திசைக்கேற்ப மாற்றிக் காட்டிய முன்னோடி அதுதான். தலை எங்கே திரும்புகிறது என்று கணினிக்குச் சொல்ல, கூரையிலிருந்து ஓர் உலோகத் தண்டு இறங்கும். அதன் நுனியில் ஹெட்செட். தலைக்கு மேலே ஒற்றை மயிரில் வாள் தொங்கும் கிரேக்கக் கதையை நினைத்து அதற்கு ‘டாமக்ளீஸின் வாள்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. கருவிக்கு முகம் ஒரு பொருட்டே இல்லாத காலம் அது. மனிதர் போய்க் கருவிக்குள் தலையைக் கொடுக்க வேண்டும்.

1980களின் நடுவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் மைக்கேல் மெக்ரீவியும் அவரது சகாக்களும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டில் சின்னஞ்சிறு டிவி திரைகளைப் பொருத்தி ஒரு ஹெட்செட் செய்தார்கள். ஜேரன் லேனியரின் விபிஎல் நிறுவனம் ‘ஐஃபோன்’ என்ற பெயரில் (ஆப்பிளுடையது வர இன்னும் இருபது ஆண்டு இருக்கிறது; இது கண்ணைக் குறிக்கும் ‘ஐ’) பல ஆயிரம் டாலருக்கு ஹெட்செட் விற்றது. வாங்கியவை பெரும்பாலும் ஆய்வகங்கள். அங்கே மாட்டிக்கொள்பவர் ஆராய்ச்சியாளர். கழுத்து வலித்தால் கழற்றிவைத்துவிட்டுக் குறிப்பெழுதப் போய்விடுவார்.

வீட்டுக்கு வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. 1995இல் நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் உருவாக்கிய ‘விர்ச்சுவல் பாய்’ தலையில் மாட்டும் கருவியாகத் தொடங்கி, மேசைமேல் இரண்டு கால்களில் நிற்கும் கருவியாக முடிந்தது. விளையாடுபவர் குனிந்து, அதன் விளிம்பிலுள்ள கறுப்பு நியோப்ரீன் மறைப்பில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். மேசையின் உயரமும் நாற்காலியின் உயரமும் சரியாக அமையாதவர்களுக்குக் கழுத்தும் முதுகும் பிடித்துக்கொண்டன. சிவப்பு நிறம் மட்டுமே காட்டும் திரை வேறு. ஓராண்டுக்குள் கடையை மூடினார்கள்.

ஆனால் அந்தத் தோல்விக் கருவியில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. கண்களுக்கு இடையிலான தூரத்துக்கேற்ப லென்ஸை நகர்த்த ஒரு திருகு இருந்தது. ஃபோகஸ் மாற்ற ஒரு தள்ளி இருந்தது. கன்ட்ரோலரில் இரு பக்கமும் ஒரேமாதிரி திசைப் பொத்தான்கள் இருந்தன. வலக்கைக்காரர், இடக்கைக்காரர் என்ற பேதம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

3

இங்கே கொஞ்சம் இயற்பியல். நம் ஊரில் தலைச்சுமை தூக்குபவர்கள் துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக்கொள்வார்கள். சுமை நேராக மண்டையின் மேல் இறங்குகிறது; சும்மாடு அதைப் பரப்பிவிடுகிறது; கழுத்தெலும்பு வரிசையாகத் தாங்குகிறது. ஐம்பது கிலோ மூட்டையே அப்படிப் போய்விடும். விஆர் ஹெட்செட்டின் எடை அரைக் கிலோதான். 2020இல் வந்த குவெஸ்ட் 2 சுமார் 503 கிராம். ஆனால் அந்த அரைக் கிலோ மண்டைக்கு மேலே இல்லை, முகத்துக்கு முன்னால் தொங்குகிறது. தண்ணீர் நிறைந்த ஒரு செம்பை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. நீட்டிய கை ஐந்து நிமிடத்தில் நடுங்க ஆரம்பிக்கும்.

முன்னால் தொங்குவதை விழாமல் நிறுத்தப் பின்பட்டையை இறுக்குகிறோம். இறுக்க இறுக்க, அந்த இழுவிசை மொத்தமும் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஒரு விரல் அகல வளையத்தில் போய் அழுந்துகிறது. அழுத்தம் என்பது விசையை பரப்பால் வகுத்தது என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தோமே, அதேதான். பரப்பு எங்கே எவ்வளவு என்பதை முடிவு செய்வது ஃபேஸ் பேட். முகத்தின் வளைவோடு ஒத்துப்போகும் பேட் விசையை வளையம் முழுக்கப் பகிர்கிறது. ஒத்துப்போகாதது நான்கு புள்ளிகளில் மட்டும் குத்துகிறது. அரை மணி நேரம் கழித்துக் கழற்றும்போது கன்னத்தில் இரண்டு ஆழமான தடம், நெற்றியில் ஒன்றுமே இல்லை என்றால் மேல்பட்டை வேலையே செய்யவில்லை என்று பொருள். புதுப் பேட் வாங்க ஓடுவதற்கு முன்னால் மேல்பட்டையை இறுக்கிப் பக்கப்பட்டையைத் தளர்த்திப் பார்க்கலாம். காசு செலவில்லாத வைத்தியம்.

இந்தப் பிரச்சினையைச் சிலர் நேரடியாகவே எதிர்கொண்டார்கள். 2016இல் சோனியின் பிளேஸ்டேஷன் விஆர், எடையை நெற்றியில் சுற்றும் வளையத்தில் ஏற்றிவிட்டு, முகத்தைச் சுற்றி மெல்லிய ரப்பர் மறைப்பை மட்டும் விட்டது. அது வெளிச்சத்தை மறைக்கும், எடையைச் சுமக்காது. ஏறத்தாழ ஹோம்ஸின் யோசனை: மறைப்பது ஒரு வேலை, தாங்குவது வேறு வேலை. 2024இல் வந்த ஆப்பிள் விஷன் புரோ பேட்டரியைக் கழற்றி பாக்கெட்டுக்கு அனுப்பியது. அப்படியும் தலையில் 600 கிராமுக்குக் குறையாமல் நின்றது. இன்று பலர் ஹெட்செட்டின் பின்பட்டையில் ஒரு பவர் பேங்க்கைக் கட்டிவிடுகிறார்கள். மொத்த எடை கூடுகிறது, ஆனால் கழுத்துக்கு நிம்மதி. தராசின் இரண்டு தட்டையும் சமன் செய்த கதைதான்.

4

சரி, ஒத்துப்போகும் பேட் என்றேன். யாருடைய முகத்தோடு?

இந்தக் கேள்வியின் பழைய வடிவம் அமெரிக்க விமானப்படையில் இருக்கிறது. 1926இல் நூற்றுக்கணக்கான விமானிகளை அளந்து, அந்தச் சராசரியை வைத்து விமானி அறையின் அளவுகளை நிர்ணயித்திருந்தார்கள். 1940களின் கடைசியில் விபத்துகள் அதிகமானபோது, விமானிகளின் உடம்பு பெரிதாகிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. 1950இல் புதிதாக 4,000க்கும் மேற்பட்ட விமானிகளை அளந்தார்கள். அந்தக் குழுவில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் இருந்தார். ஹார்வர்டில் படிக்கும்போது 250 மாணவர்களின் கைகளை அளந்து, அவற்றின் சராசரியைப் போட்டுப் பார்த்தவர். அந்தச் சராசரிக் கை அந்த 250 கைகளில் ஒன்றைப் போலவும் இல்லை என்பது அவருக்கு அப்போதே உறைத்திருந்தது.

இப்போது அவரிடம் 4,063 பேரின் அளவுகள். உயரம், மார்புச் சுற்றளவு, கை நீளம் என்று பத்து அளவுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் நடுவிலுள்ள 30 சதவீதத்துக்குள் வருபவரைச் ‘சராசரி’ என்று தாராளமாகவே ஏற்றுக்கொண்டார். பத்திலும் சராசரியாக இருப்பவர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. மூன்றே அளவுகளை எடுத்துக்கொண்டாலும் 3.5 சதவீதத்துக்கும் குறைவு. 1952இல் அவர் எழுதிய அறிக்கையின் சாரம் இதுதான்: சராசரி மனிதனுக்காகச் செய்த விமானி அறை யாருக்காகவும் செய்யப்படவில்லை. விமானப்படை அதை ஏற்றது. நகரும் இருக்கை, நீளம் மாற்றக்கூடிய பெடல், பட்டை, ஹெல்மெட் வார் எல்லாம் வந்தன. இன்று நாம் காரில் ஏறியதும் அனிச்சையாக சீட்டை முன்னுக்குத் தள்ளுகிறோமே, அதற்குப் பின்னாலிருக்கும் சிந்தனையும் இதுவே.

முகத்துக்கும் இதேபோல ஒரு கதை உண்டு. தொழிற்சாலைகளில் அணியும் சுவாசக் கவசங்கள் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தவில்லை என்றால் நச்சுக்காற்று உள்ளே போய்விடும். அதனால் 1970களில் லாஸ் அலமாஸ் ஆய்வகம், முக நீளத்தையும் அகலத்தையும் வைத்து 25 பேர் கொண்ட ஒரு சோதனைக் குழுவுக்கு இலக்கணம் வகுத்தது. இந்த 25 பேருக்குப் பொருந்தினால் அநேகமாக எல்லாருக்கும் பொருந்தும் என்று கணக்கு. அளவுகள் எங்கிருந்து வந்தன? 1967–68இல் விமானப்படையில் எடுத்தவை. 2003இல் அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியாஷ் 3,997 தொழிலாளர்களின் முகங்களை அளந்து பார்த்தபோது, 15 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கட்டத்துக்கு வெளியே நின்றார்கள். கவசம் தயாரித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கைவசமிருந்த அளவுகளை வைத்துச் செய்தார்கள். கையில் இருந்தவை படைவீரர்களின் முகங்கள்.

விஆர் பேட்டை நாம் வாங்கும்போதும் இதே விஷயம்தான். மூக்குத்தண்டு உயரமாகவும் கூர்மையாகவும் இருக்கும் முகத்துக்கு வெட்டிய பேட், தாழ்ந்த மூக்குத்தண்டு உள்ளவருக்கு இரு பக்கமும் வெளிச்சம் கசியும் இடைவெளியை விட்டுவைக்கும். அகலமான முகத்தில் பொட்டுகளிரண்டும் வலிக்கும். ஒடுங்கிய முகத்தில் ஹெட்செட் பக்கவாட்டில் ஆடும். 2016இல் ஹெச்டிசி வைவ் பெட்டிக்குள்ளேயே ஒடுங்கிய முகத்துக்கென்று இரண்டாவது பேட் ஒன்றை வைத்துக் கொடுத்தது. குவெஸ்ட் 2க்கு அகலமானது, ஒடுங்கியது, மூக்கருகே வெளிச்சம் மறைக்கும் துண்டு எல்லாம் தனிப் பெட்டியாக விற்பனைக்கு வந்தன. தனிப் பெட்டி என்றால் தனிக் காசு. பெட்டியோடு வந்த பேட் பொருந்தியவர் ஒருமுறை கொடுத்தார். பொருந்தாதவர் இரண்டாவது முறையும் கொடுத்தார்.

5

முகத்தின் வெளிப்புறத்தை விடவும் கறாரான ஓர் அளவு உண்டு: இரண்டு கண்மணிகளுக்கு இடையிலான தூரம். பெரியவர்களில் சராசரி சுமார் 63 மில்லிமீட்டர். ஏறத்தாழ 50இலிருந்து 75 வரை ஆட்கள் இருக்கிறார்கள். பெண்களின் சராசரி ஆண்களுடையதைவிடச் சற்றுக் குறைவு. லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக வரவில்லை என்றால் படம் மங்கும், கண் இழுக்கும், தலை சுற்றும்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பயிற்சிக்கென்று ஒரு ஹெட்செட் வந்தது. வரிசையில் நின்று ஒவ்வொருவராக மாட்டிப் பார்த்தோம். ஆண்கள் பலர் பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று இருந்தார்கள். பின்னலை எங்கே விடுவது என்று தெரியாமல் பட்டையோடு மல்லுக்கட்டிய ஒரு தோழி ஐந்தாவது நிமிடத்தில் கழற்றிவிட்டு, “தலை சுத்துதுப்பா” என்றார். “உனக்கு விஆர் ஒத்துக்காது போல” என்று சிரித்துக்கொண்டே சொன்னார் ஒருவர். லென்ஸ் இடைவெளி என்ற ஒன்று இருப்பதை அன்று யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. பயிற்சி ஏட்டிலும் அது இல்லை.

‘ஒத்துக்காது’ என்பது நாம் கத்திரிக்காய்க்குச் சொல்வது. குறை உடம்பில் இருக்கிறது, கத்திரிக்காயில் இல்லை. விஆரைப் பொறுத்தவரை இந்தச் சொல்லை ஆராய்ச்சியாளர்களே நெடுங்காலம் வேறு வார்த்தைகளில் சொல்லிவந்தார்கள்: பெண்களுக்குத் தலைசுற்றல் அதிகம் வருகிறது என்று. 2020இல் கே ஸ்டேனியும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு, விஆர் ஆண் சார்பு கொண்டது என்று தலைப்பிலேயே குற்றம் சாட்டியது. அப்படி இருந்தாக வேண்டியதில்லை என்றும் அதே தலைப்பு சொன்னது. தலைசுற்றலுக்கு முதன்மையான காரணமாக அவர்கள் கண்டது, பெண்களின் கண் இடைவெளிக்கு லென்ஸ்கள் நெருங்கி வர முடியாததைத்தான். பொருந்தாதவர்களுக்கு ஒரு மணி நேரம் கழித்தும் தலைசுற்றல் முழுதாக அடங்கவில்லை. இடைவெளி சரியாகப் பொருந்தியவர்களை மட்டும் வைத்துப் பார்த்தபோது ஆண், பெண் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது.

வடிவமைப்பாளர்களுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. 1995இன் விர்ச்சுவல் பாயிலேயே அந்தத் திருகு இருந்தது என்று பார்த்தோம். 2016இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்டிலும் லென்ஸ்கள் நகர்ந்தன. 2019இல் அதற்குப் பின் வந்த ரிஃப்ட் எஸ், லென்ஸ்களை ஒரே இடத்தில் நிலையாகப் பொருத்திவிட்டது. அப்போது அதைக் கண்டித்து எழுதியவர்களில் பாமர் லக்கியும் ஒருவர். 2012இல் இருபது வயதைத் தொட இருந்த நேரத்தில் பொதுமக்களிடம் 24 லட்சம் டாலர் திரட்டி ஆக்குலஸை நிறுத்தியவர், பின்னாளில் நிறுவனத்தைவிட்டு வெளியேறியவர். அவருடைய கண் இடைவெளி கிட்டத்தட்ட 70 மில்லிமீட்டர். தான் ஆரம்பித்த நிறுவனத்தின் புதிய ஹெட்செட் அவருடைய முகத்துக்கே பொருந்தவில்லை. அடுத்த ஆண்டு வந்த குவெஸ்ட் 2இல் 58, 63, 68 என்று மூன்று நிலைகள். துணிக்கடையில் எஸ், எம், எல் இருப்பதுபோல.

ஆகவே பேட் தேர்வு செய்வதற்கு முந்தைய வேலை ஒன்று இருக்கிறது. கண் மருத்துவரோ கண்ணாடிக் கடைக்காரரோ எழுதித்தரும் அந்த மில்லிமீட்டர் எண்ணைத் தெரிந்துகொண்டு, லென்ஸ் அந்த இடத்துக்கு வருகிறதா என்று பார்ப்பது. வராத ஹெட்செட்டுக்கு எவ்வளவு மிருதுவான பேட் போட்டாலும் தலை சுற்றத்தான் செய்யும்.

6

பேட் என்ன பொருளில் இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு வரலாறு உருவாகிவிட்டது. குவெஸ்ட் 2 வந்த சில மாதங்களிலேயே சிலருக்கு முகத்தில் சிவந்த தடிப்பும் அரிப்பும் வந்தன. பேட் பதியும் இடத்தில் அச்சு எடுத்ததுபோல. 2021 ஜூலையில் ஃபேஸ்புக்கும் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் சேர்ந்து அந்த ஃபோம் பேட்களைத் திரும்பப்பெறும் அறிவிப்பை வெளியிட்டன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் பேட்கள். 5,716 புகார்கள், அவற்றில் சுமார் 45 பேருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டிருந்தது. விற்பனையைக் கொஞ்ச காலம் நிறுத்தி, எல்லாருக்கும் சிலிகான் உறையை இலவசமாக அனுப்பினார்கள். உள்ளே அதிவேக சிப், நான்கு கேமரா எல்லாம் இருந்த ஒரு கருவியின் விற்பனையை நிறுத்திவைத்தது ஒரு துண்டுப் பஞ்சு.

அன்றிலிருந்து ஃபோமா, சிலிகானா, செயற்கைத் தோலா என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. பதில் முகத்தையும் ஊரையும் பொறுத்தது. ஃபோம் மிருது, முகத்தின் மேடுபள்ளத்துக்கு இறங்கிக் கொடுக்கும். ஆனால் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். சென்னை மே மாதத்தில் பத்து நாளில் நாறிவிடும். செயற்கைத் தோல் பேட்டைத் துணியால் துடைத்துவிடலாம். பலர் மாறி மாறி மாட்டும் இடத்துக்கு ஏற்றது. நாளடைவில் மடிப்புகளில் உரியும். சிலிகானைக் குழாயடியில் கழுவலாம். ஆனால் ஒரு சொட்டு வியர்வையும் உறிஞ்சாது. எல்லாம் வழிந்து தாடைக்கு வரும், லென்ஸ் ஆவி பிடிக்கும். உடற்பயிற்சிக்குப் பயன்படுத்துபவர்களுக்குக் கழற்றித் துவைக்கும் பருத்தி உறை நல்லது. இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடலாம்.

கனத்தையும் பார்க்க வேண்டும். மெல்லிய பேட் கண்ணை லென்ஸுக்கு அருகில் கொண்டுபோகும். பார்வைப் பரப்பு விரியும். சன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்ப்பதுபோல. ஆனால் கண்ணாடி அணிபவர்களுக்கு இது ஆபத்து; மூக்குக்கண்ணாடி லென்ஸில் உரசிக் கீறல் விழும். அவர்களுக்குக் கனமான பேட்டோ, பெட்டியோடு வரும் இடைச்சட்டமோ வேண்டும். கண்மை, சன்ஸ்கிரீன், தலைக்குத் தேய்த்த எண்ணெய் எல்லாம் பஞ்சில் இறங்கும் என்பதும் நம் கணக்கில் வர வேண்டிய விஷயம். புதுப் பேட் எதுவானாலும் முதல்நாள் பதினைந்து நிமிடத்தோடு நிறுத்தி, மறுநாள் தோல் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேலே போவது நல்லது.

7

முகத்திலிருந்து கைக்கு வருவோம். 1956இல் ஜான் நேப்பியர் என்ற பிரிட்டிஷ் உடற்கூறியலாளர் மனிதப் பிடியை இரண்டு வகையாகப் பிரித்தார். சுத்தியலைப் பிடிப்பதுபோல உள்ளங்கையோடு சேர்த்து விரல்களை மடக்கிப் பிடிப்பது வலுப்பிடி. பேனாவைப் பிடிப்பதுபோல விரல் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் இடையே பிடிப்பது நுண்பிடி. எந்தப் பிடி என்பதைப் பொருளின் வடிவத்தை விடவும், அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்பதே தீர்மானிக்கிறது என்றார். விஆர் கன்ட்ரோலரின் அடிப்படைச் சிக்கல் இதில் இருக்கிறது. அது ஒரே நேரத்தில் இரண்டையும் கேட்கிறது. மூன்று விரல்கள் சுத்தியலைப் பிடிக்க வேண்டும். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் பேனா பிடிக்க வேண்டும். விளையாட்டுக்குள் ஒரு பந்தை எறிய வேண்டுமென்றால் கையைத் திறக்க வேண்டும். கையைத் திறந்தால் கன்ட்ரோலர் பறந்துவிடும்.

அப்படித்தான் பறந்தது. 2006 நவம்பரில் நின்டெண்டோவின் வீ விற்பனைக்கு வந்த சில வாரங்களில், கையில் பிடித்து வீசும் அதன் ரிமோட்டுகள் டிவித் திரைகளையும் விளக்குகளையும் உடைக்க ஆரம்பித்தன. மணிக்கட்டில் மாட்டும் மெல்லிய கயிறு அறுந்துபோனது. டிசம்பரில் நிறுவனம் 32 லட்சம் கயிறுகளைத் தடிமனானவையாக மாற்றித்தர முன்வந்தது. 2007 அக்டோபரில் ரிமோட் முழுவதையும் மூடும் சிலிகான் உறையை இலவசமாகத் தந்தது. இன்று நாம் வாங்கும் விஆர் கிரிப்களின் நேரடி மூதாதை அந்த உறைதான்.

2016இல் வைவ் கன்ட்ரோலர் ஒரு மந்திரக்கோல் மாதிரி இருந்தது, எப்போதும் வலுப்பிடி. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஆக்குலஸ் டச், உள்ளங்கை வளைவுக்கு இசைந்து உட்கார்ந்தது. 2019இல் வால்வ் இண்டெக்ஸ் வேறொரு வழி கண்டது: ஒரு பட்டையைக் கையின் மேல் இறுக்கிக் கட்டிவிட்டால், விரல்கள் ஐந்தையும் விரித்தாலும் கன்ட்ரோலர் கையோடு நிற்கும். ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் 87 சென்சார்கள் விரல்களைக் கவனித்தன. பட்டை பிடிக்கும் இடத்தைக் கையின் அளவுக்கேற்ப நகர்த்தவும் வழி வைத்தார்கள். டேனியல்ஸின் 250 கைகளை யாரோ அங்கே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கிரிப் வாங்கும்போது பெரும்பாலோர் கனமாகவும் மெத்தென்றும் இருப்பதைத் தேடுகிறார்கள். சிறிய கைக்கு அது எதிர்வினை செய்யும். சுற்றளவு கூடக் கூட விரல்கள் பொத்தானை எட்டுவதற்கு இழுபடும். அரை மணியில் கட்டைவிரல் அடி வலிக்கும். சிறிய கைக்குத் தேவை மெல்லிய உறையும், புறங்கையைச் சுற்றும் நல்ல பட்டையும். பட்டை எவ்வளவு இறுக்கம் என்றால், கையை விரித்துக் கீழே தொங்கவிட்டால் கன்ட்ரோலர் நழுவக் கூடாது. விரல் மரத்தும் போகக் கூடாது. கன்ட்ரோலரில் விரல் பட்டதை உணரும் இடங்களையும், கேமராவுக்குத் தெரிய வேண்டிய அகச்சிவப்பு விளக்குகள் இருக்கும் வளையத்தையும் உறை மூடக் கூடாது. உறையைக் கழற்றாமல் பேட்டரி மாற்ற முடிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். மணிக்கட்டுக் கயிற்றை மட்டும் எந்தக் கிரிப் வந்தாலும் கழற்றக் கூடாது. நம் வீடுகளில் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதை எந்தக் கலிஃபோர்னியக் கையேடும் நமக்காக யோசித்து எழுதாது.

8

இந்தப் பிரச்சினைக்கு இப்போது புதிதாக ஒரு விடை வந்திருக்கிறது. 2023இல் அறிமுகமான பிக்ஸ்கிரீன் பியாண்ட், வாங்குபவரின் முகத்தை ஐபோனால் ஸ்கேன் செய்து, அந்த ஒரு முகத்துக்கென்றே பேட் வார்த்துத் தந்தது. கண் இடைவெளியும் அவருக்கென்றே நிர்ணயிக்கப்பட்டது. எடை வெறும் 127 கிராம். விஷன் புரோவும் முகத்தை ஸ்கேன் செய்து பல அளவுகளில் ஒன்றைப் பரிந்துரைக்கிறது. சராசரி மனிதன் ஒழிந்தான் என்று டேனியல்ஸ் மகிழ்ந்திருக்கலாம்.

பொறியாளனாக எனக்கு அந்த 127 கிராம் மீது பொறாமைதான். ஆனால் என் முகத்துக்கு வார்த்தது என் தங்கைக்குப் பொருந்தாது. ஓர் அரசுப் பள்ளிக்கோ கல்லூரி ஆய்வகத்துக்கோ ஒரு ஹெட்செட் வந்தால், அதை அறுபது பிள்ளைகள் மாட்ட வேண்டும். ஹோம்ஸின் ஸ்டீரியோஸ்கோப் வரவேற்பறையில் கைமாறிக்கொண்டே இருந்த பொருள். கைப்பிடியைப் பிடித்து அடுத்தவரிடம் நீட்டினால் போதும், படத்தாங்கியை அவர் தன் கண்ணுக்கு நகர்த்திக்கொள்வார். தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த சட்டைக்கும், எல்லாரும் கட்டிக்கொள்ளக்கூடிய வேட்டிக்கும் உள்ள வித்தியாசம் இது. 1950களில் விமானப்படை ஒவ்வொரு விமானிக்கும் தனி விமானம் செய்யவில்லை. இருக்கையை நகரவைத்தது.

பகிர்ந்து பயன்படுத்தும் இடங்களில் ஹெட்செட் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் கேட்க வேண்டியதும் இதைத்தான். லென்ஸ் நகருமா, எதுவரை நகரும்? பேட் கழறுமா? அகலம், ஒடுக்கம் இரண்டும் கிடைக்குமா? தனியே வாங்க எவ்வளவு? பட்டை பின்னலையும் கொண்டையையும் தலைப்பாகையையும் அனுமதிக்குமா? திரையின் பிக்ஸல் எண்ணிக்கையை விளம்பரமே சொல்லிவிடும். இவற்றை நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

மொத்தக் கருவியில் மிக மலிவான பாகம் அந்தப் பேட்தான். ஆனால் ஒருவர் உள்ளே இருக்கப்போவது ஐந்து நிமிடமா ஒரு மணி நேரமா என்பதை அதுவும் அந்த லென்ஸ் இடைவெளியும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. நாளை வகுப்பறைகளும் அறுவைசிகிச்சைப் பயிற்சிகளும் வேலை நேர்காணல்களும் இதற்குள் நடக்கப்போகின்றன என்றால், ஐந்தாவது நிமிடத்தில் கழற்ற வேண்டிவந்தவர் இழப்பது ஒரு விளையாட்டை மட்டும் இல்லை. அடுத்தமுறை யாராவது ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, “எனக்கு இது ஒத்துக்கலை” என்று சொன்னால், அவருடைய உடம்பைப் பற்றி முடிவுகட்ட வேண்டாம். உங்கள் கண் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று முதலில் கேளுங்கள்.